ஐந்து படம், ஒரு சுவர்: பொலோன்யா குறிப்புகள்

ஞாயிறு

துபாயில் விமானம் மாறி, மதியம் இத்தாலியின் பொலோன்யாவில் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக மார்கோனி எக்ஸ்பிரஸ் என்று ஒற்றைத் தண்டவாள ரயில் இருக்கிறது. ஏழு நிமிடத்தில் மத்திய ரயில் நிலையத்தில் விட்டுவிடுகிறான். அதற்கு வாங்கிய காசில் நம்மூர் மெட்ரோவில் ஒரு வாரம் சுற்றலாமே என்று அக்கா கணக்குப் போட ஆரம்பித்தார். இனிமேல் யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதில்லை என்று இரண்டு பேரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ராத்திரிச் சாப்பாட்டிலேயே அது உடைந்தது.

அக்கா தமிழில் சிறுவர் புத்தகம் போடும் சின்னப் பதிப்பாளர். நான் அவருக்கும் இன்னும் சில பத்திரிகைகளுக்கும் படம் வரைகிறவன். அவர் வந்திருப்பது மொழிபெயர்ப்பு உரிமை வாங்க. நான் வந்திருப்பது ஓவியர்கள் கண்காட்சியைப் பார்க்க. இரண்டுமே பொலோன்யா சிறுவர் புத்தகச் சந்தையில் நடக்கிறது. சந்தை 1964-ல் ஊர் நடுவில் இருக்கும் ரே என்ஸோ மாளிகையில் தொடங்கியது. ஓவியர்களுக்கான கண்காட்சி 1967-லிருந்து.

அந்தக் கண்காட்சியில் படம் தொங்க வேண்டுமென்றால் போட்டியில் தேர்வாக வேண்டும். விதி எளிமையானது. ஒரே பொருளில் ஐந்து படம் அனுப்ப வேண்டும். எந்த முறையில் வேண்டுமானாலும் வரையலாம். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஐந்து நடுவர்கள், வெவ்வேறு நாடுகளிலிருந்து. பதிப்பாளர், ஓவியர், கலை இயக்குநர் என்று கலந்து இருப்பார்கள். 2023-ல் 91 நாடுகளிலிருந்து 4345 பேர் அனுப்பினார்கள். தேர்வானவர்கள் 79 பேர். 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்து நானூறுக்குக் கொண்டுவருவது என்றால் நடுவர்களின் கண் என்ன பாடுபட்டிருக்கும்!

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கவில்லை, தேவையும் படவில்லை. இந்த ஊர் முழுக்க நடைபாதைக்கு மேலே கட்டடத்தின் மாடி நீண்டு வந்து, தூண்களில் நிற்கிறது. போர்ட்டிகோ என்கிறார்கள். பழைய நகரத்துக்குள் மட்டும் 38 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு மணி நேரம் நடந்தோம். தெருவைக் கடக்கும்போது தலையில் விழுந்த நாலு சொட்டு தவிர நனையவே இல்லை.

திங்கள்

காலை ஒன்பதுக்கெல்லாம் வாசலில் நல்ல கூட்டம். ஒன்று கவனித்தேன்: குழந்தைகள் ஒருவர்கூட இல்லை. சிறுவர் புத்தகச் சந்தை, ஆனால் சிறுவர்களுக்கு அனுமதி கிடையாது! தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். சென்னைப் புத்தகக் காட்சி மாதிரி பை நிறைய வாங்கிக்கொண்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று வந்தால் ஏமாற்றம்தான். இங்கே பதிப்பாளர்கள் புத்தகம் விற்பதில்லை. உரிமையைத்தான் விற்கிறார்கள். ஒவ்வொரு கடையிலும் வரிசையாகச் சின்ன மேஜைகள், எதிரெதிரே இரண்டு நாற்காலி, அரை மணி நேரத்துக்கு ஒரு சந்திப்பு. அக்காவின் நோட்டில் வியாழன் வரைக்கும் எல்லா அரை மணியும் நிரம்பியிருந்தது. "தம்பி, சாப்பாட்டுக்கு என்னைத் தேடாதே" என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டார்.

நான் நேராகக் கண்காட்சிக்குப் போனேன்.

முதலில் பார்த்ததைவிட இரண்டாவது தடவை பார்த்ததுதான் முக்கியம். முதல் சுற்றில் எல்லாமே பிரமாதமாகத் தெரிந்தது, எல்லாமே ஒன்றுபோலவும் தெரிந்தது. அடங்கிய நிறம், சின்ன மூக்கு, நிறைய வெற்றிடம். இப்போதைய உலக ஃபேஷன் இதுதானோ என்று ஒரு சலிப்புகூட வந்தது. இரண்டாவது சுற்றில்தான் ஒவ்வொருவரின் ஐந்தையும் ஒரே தொகுப்பாகப் பார்க்கத் தொடங்கினேன். அப்போது விஷயமே வேறாக மாறியது.

ஒருவர் பென்சிலில் மட்டும் வரைந்திருந்தார். ஒரே பேருந்து நிறுத்தம், ஐந்து நேரம். முதல் படத்தில் பள்ளிப் பிள்ளைகள், இரண்டாவதில் ஒரு கிழவரும் நாயும். மூன்றாவதில் யாருமே இல்லை, பெஞ்சில் ஒரு குடை மட்டும். நான்காவதில் குடையும் இல்லை. ஐந்தாவதில் திரும்பப் பிள்ளைகள். அந்த மூன்றாவது படத்தை மட்டும் தனியாக எடுத்து ஒரு போட்டிக்கு அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெறும் பெஞ்சும் குடையும்தானே? ஆனால் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் அது நிற்கும்போது, அந்தக் குடை யாருடையது, கிழவர் எங்கே போனார் என்று மனசு பதறுகிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். அசல் தாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆள் உருவம் ஒன்றை வரைந்து அழித்திருக்கிறார். ரப்பர் தேய்த்த இடத்தில் தாளின் இழை லேசாக எழும்பி நின்றது. மூலையில் டேப் ஒட்டி உரித்த தடம்கூட அப்படியே இருந்தது. ஆள் இருந்து, வேண்டாம் என்று எடுக்கப்பட்ட படம் அது.

அதற்கு நாலு அடி தள்ளி ரிசோ என்ற ஸ்டென்சில் அச்சு இயந்திரத்தில் வந்த ஒரு வரிசை. ஒளிரும் இளஞ்சிவப்பு, நீலம், இரண்டே மை. ரிசோவில் பெரும்பாலும் ஒவ்வொரு நிறத்துக்கும் தாளைத் தனியாக ஓட்ட வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் தாள் மயிரிழை நகர்ந்தாலும் நிறம் விலகிவிடும். இவருக்கும் விலகியிருந்தது. நாயின் காது ஓரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு வெளியே எட்டிப் பார்த்தது. நம்மூர் அச்சகத்தில் இதைப் பார்த்திருந்தால் "ரெஜிஸ்டர் போயிடுச்சு சார்" என்று அந்தத் தாளைக் கழித்துவிடுவார்கள். இங்கே அது நாய் ஓடுகிற வேகமாகத் தெரிகிறது.

ஆக, இது அழகான படத்துக்கான போட்டி இல்லை. இந்த ஐந்துக்குப் பின்னால் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கிற போட்டி. நியூயார்க்கில் இல்லஸ்ட்ரேட்டர்ஸ் சொசைட்டி 1959-லிருந்து நடத்தும் வருடாந்தரப் போட்டி வேறு ரகம். அங்கே விளம்பரம், பத்திரிகை, புத்தகம் என்று பிரிவு பிரிவாகப் பார்த்துத் தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம் தருவார்கள். ஒரே ஒரு அட்டைப்படம் போதும், அது அன்றைக்குப் பளிச்சென்று இருந்தால் மெடல். அதைக் குறை சொல்லவில்லை, பத்திரிகை ஓவியருக்கு அதுதான் சரியான அளவுகோல். ஆனால் குழந்தைப் புத்தகம் வரைகிறவர் முப்பத்திரண்டு பக்கம் ஒரே முகத்தைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கண்காட்சிக்கு வெளியே இன்னொரு காட்சி. ஓவியர்களுக்கென்றே வெள்ளைப் பலகைச் சுவர்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் படத்தை ஒட்டிக்கொள்ளலாம். காலையில் நான் கடந்து போனபோது பாதி வெள்ளையாக இருந்தது. மாலை வந்தபோது இடமே இல்லை. ஒருவர் போஸ்டர் மேல் இன்னொருவர் கார்டு, அதற்குக் கீழே கிழித்து எடுத்துக்கொள்ளும்படி மின்னஞ்சல் முகவரி எழுதிய வால்கள். ஏணி கொண்டுவந்த புத்திசாலிகளும் உண்டு. தேர்வான எண்பது பேருக்கு விளக்கு வெளிச்சத்தில் சுவர். தேர்வாகாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தச் சுவர். சத்தியமாகச் சொல்கிறேன், இங்கேயும் அசந்துபோகிற மாதிரிப் படங்கள் இருந்தன. உள்ளே இருக்கும் சிலவற்றைவிட இவை மேல் என்றுகூடத் தோன்றியது. ஐந்து நடுவர்கள் மாறியிருந்தால் பட்டியலும் மாறியிருக்கும். போட்டி என்றால் அப்படித்தான்.

செவ்வாய்

முழு நாளும் வரிசையில் போயிற்று.

சில பதிப்பகங்கள் தங்கள் கடையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: இத்தனை மணிக்கு ஓவியர்களின் போர்ட்ஃபோலியோ (வரைந்த படங்களின் ஃபைல்) பார்க்கப்படும் என்று. அவ்வளவுதான், ஒரு மணி நேரத்துக்கு முன்பே தரையில் வரிசை உட்கார்ந்துவிடும். எனக்கு முன்னால் தைவான் பெண் ஒருவர், பின்னால் போர்ச்சுகல் பையன். மூன்று பேரும் ஒருவர் ஃபைலை ஒருவர் வாங்கிப் பார்த்தோம். அந்த வரிசைதான் நிஜமான விமர்சனக் கூட்டம். போர்ச்சுகல்காரன் என் படத்தில் இருந்த எருமையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதற்கு ஏன் கண் இமை?" என்று கேட்டான். பதில் இல்லை. இமை இல்லாமல்தான் நன்றாக இருந்திருக்கும்.

அவனிடம்தான் ஓவியர் காடரினா சொப்ரால் பற்றிப் பேச்சு வந்தது. அவரும் போர்ச்சுகல்தான். இந்தக் கண்காட்சிக்குத் தேர்வாகும் 35 வயதுக்கு உட்பட்டவர்களில் ஒருவருக்கு, சந்தையும் ஸ்பெயினின் எஸ்எம் அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு விருது கொடுக்கிறார்கள். 2014-ல் அவர் வாங்கினார், 2017-ல் ஸ்பெயினின் மனுவேல் மார்சோல். பணத்தோடு முடிவதில்லை. வென்றவர் வரையும் புத்தகத்தை எஸ்எம் வெளியிடும். அதன் அசல் படங்கள் அடுத்த வருடம் இதே சந்தையில் தனிக் கண்காட்சியாக வரும். ஒரு இளம் ஓவியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மற்றவர்களுக்குக் கிடைப்பது சுவரில் இடம், வருடாந்தரத் தொகுப்பில் பக்கம். ரொக்கம் எதுவும் கிடையாது. ஆனாலும் நாலாயிரம் பேர் அனுப்புகிறார்கள். காரணம், அந்தத் தொகுப்பு உலகத்துக் கலை இயக்குநர்களின் மேஜையில் வருடம் முழுக்கக் கிடக்கும்.

என் முறை வந்தது. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். அந்த அம்மாள் என் ஃபைலைப் புரட்டிய வேகத்தில் காற்று வந்தது. அடுத்த வரிசையில் பார்த்தவர் அப்படியில்லை. பாதியில் நிறுத்தி, இரண்டு பக்கம் பின்னால் போய், "இந்தச் சிறுமி இங்கே ஒன்பது வயது, அடுத்த பக்கத்தில் பதினொன்று" என்றார். பார்த்தேன், ஆமாம். கழுத்து நீண்டிருந்தது. தலையைவிட உடம்பு எத்தனை மடங்கு என்று முதல் பக்கத்திலேயே ஒரு அளவு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பக்கம் வரை மாற்றாதீர்கள் என்றார். பத்து நிமிடம் கொடுத்தார். வேலை எதுவும் கொடுக்கவில்லை. பரவாயில்லை.

புதன்

இன்றைக்கு அக்காவின் சந்திப்பு ஒன்றில் கூட உட்கார்ந்தேன். படம் வரைகிறவன் எல்லாம் ஒரு தடவையாவது இப்படி உட்கார வேண்டும்.

வண்ணப் புத்தகம் அச்சடிப்பது செலவு. அதனால் மூலப் பதிப்பாளர் ஐந்தாறு மொழிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஒரே அச்சகத்தில் ஓட்டுவார். கூட்டுப் பதிப்பு. நான்கு வண்ண அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தகடு. அதில் சயான் (நீலம்), மஜெண்டா (இளஞ்சிவப்பு), மஞ்சள் தகடுகளை மாற்றுவதே இல்லை. எழுத்து கறுப்பில் மட்டும் இருந்தால், கறுப்புத் தகட்டை மட்டும் கழற்றி அடுத்த மொழியை மாட்டினால் போதும். போலிஷ் முடிந்ததும் கொரியன், அது முடிந்ததும் தமிழ். ஓவியர் ஆசைப்பட்டுக் கடைப் பலகையில் சிவப்பு எழுத்து எழுதிவிட்டாரா? போச்சு. ஒவ்வொரு மொழிக்கும் அந்தப் பக்கத்தின் தகடுகளை மாற்ற வேண்டும், செலவு ஏறும், சின்ன மொழிக்காரர் விலகிக்கொள்வார்.

அக்காவுக்குப் பிடித்திருந்த ஒரு புத்தகத்தில் இதே சிக்கல். கரடி பேக்கரி வைத்திருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் பெயர்ப் பலகை, மாவில் எழுதிய எழுத்து, எல்லாம் படத்தோடு பின்னியது. இன்னொரு சங்கடம், அந்தப் படத்தில் எழுத்துக்கென்று விட்டிருந்த இடம் மூன்று விரல் அகலம். ஆங்கிலத்தில் இரண்டு வரி அடங்கும். தமிழில் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று ஒரு சொல் போட்டாலே கரடியின் வயிற்றில் போய் முட்டும். அக்கா ரொம்ப மரியாதையாக அதைத் தள்ளி வைத்துவிட்டு, எழுத்தே இல்லாத ஒரு புத்தகத்தின் விலையை விசாரிக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் அக்காவின் பழைய அறிமுகம் ஒருவர், நாங்கள் சென்னை என்றதும், "தாரா ஊர்க்காரர்களா?" என்று கேட்டார். இந்தச் சந்தையில் சென்னைக்கு அந்த அடையாளம் உண்டு. திருவான்மியூரின் தாரா புக்ஸ் பட்டுத்திரை அச்சில் கையாலேயே செய்த புத்தகங்களைக் கொண்டுவந்து இவர்களை மிரள வைத்தவர்கள். கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் மரங்களைப் பற்றி வரைந்த அவர்களுடைய புத்தகத்துக்கு 2008-ல் இந்தச் சந்தை சிறுவர் புத்தகங்களுக்குத் தரும் பொலோன்யா ரகாட்ஸி விருது, புதிய எல்லைகள் என்ற பிரிவில். அப்புறம் 2013-ல் ஆசியாவின் சிறந்த சிறுவர் பதிப்பகம் என்ற விருதும் இங்கேதான் கிடைத்தது. கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறமாகக் கையால் இழுத்து அச்சடித்த அந்த மரங்களைத் தடவிப் பார்த்தால் மை மேடாக விரலில் படும். இதையெல்லாம் அந்த மனிதர் அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அக்காவும் முதல் தடவை கேட்பது மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஓவியர்களின் பெயர்தான் இருக்கும். தமிழில் எத்தனை சிறுவர் புத்தகத்தில் ஓவியர் பெயர் அட்டையில் வருகிறது? உள்ளே இரண்டாம் பக்கத்தில், அச்சகத்தின் முகவரிக்கு மேலே, பொடி எழுத்தில் இருந்தால் பெரிய விஷயம். படத்துக்கு இவ்வளவு என்று ஒரே தடவை கொடுத்துக் கணக்கு முடிந்துவிடும், பத்தாவது பதிப்பு போனாலும் ஓவியருக்கு ஒரு டீ காசு வராது. இங்கே படக்கதை என்றால் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் ராயல்டி பிரிவதுதான் வழக்கம். இதைச் சாப்பாட்டு மேஜையில் அக்காவிடம் சொன்னேன். அவரும் பதிப்பாளர்தானே! கொஞ்ச நேரம் பேசாமல் சாப்பிட்டார். "அட்டையில பேரு அடுத்த புக்லேர்ந்து போட்டுடலாம் தம்பி. ராயல்டிய ஊருக்குப் போய்ப் பேசுவோம்" என்றார். இதைப் பொதுவில் எழுதி வைக்கிறேன், சாட்சிக்கு நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள்.

சாப்பிட்டது தோர்த்தெல்லோனி. மாவை மடித்து உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்து, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருகிறார்கள். பூரணக் கொழுக்கட்டையை உப்புப் போட்டுச் செய்த மாதிரி. அக்கா சைவம், ஊரோ இறைச்சி ஊர். இந்த ஒன்றை வைத்தே நாட்களை ஓட்டிவிட்டார்.

வியாழன்

கடைசி நாள். மதியத்துக்கு மேல் எல்லோரும் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஓவியர் சுவரில் ஒட்டியதை உரிப்பவர்கள், உரித்ததை மாற்றிக்கொள்பவர்கள். தைவான் பெண்ணிடம் ஒரு கார்டு கொடுத்து ஒரு கார்டு வாங்கிக்கொண்டேன்.

தேர்வான படங்களின் பயணம் இன்றோடு முடிவதில்லை. இங்கிருந்து ஜப்பான் போகின்றன. நிஷினோமியாவில் ஒதானி நினைவு அருங்காட்சியகம் 1978-லிருந்தும், டோக்கியோவின் இதபாஷி அருங்காட்சியகம் 1981-லிருந்தும் பொலோன்யா கண்காட்சியை வரவழைத்துக் காட்டுகின்றன. அங்கே குழந்தைகளும் பார்க்கலாம்! ஜப்பான், கொரியா, தைவான் ஓவியர்கள் இந்தப் பட்டியலில் இத்தனை பேர் இருப்பது எனக்கு இப்போது ஆச்சரியமாக இல்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக வருடா வருடம் அசல் படங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்து வளர்கிற ஊரில் ஓவியர்கள் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் பிள்ளைகள் ஒரு புத்தகத்தின் அசல் படத்தை எங்கே பார்க்கிறார்கள்? என் அசல்களே பாதிக்கு மேல் ஏதோ ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை.

வெள்ளி

விமானம் இரவில்தான். ஊர் சுற்ற ஒரு பகல் கிடைத்தது.

சான் லூக்கா கோயிலுக்கு 666 வளைவுகளுக்குக் கீழே நடந்து ஏறலாம் என்றேன். அக்கா தன் செருப்பைக் காட்டினார். சரி, இரட்டைக் கோபுரம். அதில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா இன்னும் சாயும் போலிருக்கிறது என்று 2023 அக்டோபரில் சுற்றிலும் அடைத்துவிட்டார்கள். பக்கத்தில் 97 மீட்டர் உயரத்தில் நிற்கும் அசினெல்லியும் மூடிக்கிடக்கிறது. தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அப்புறம் சாலாபோர்சா நூலகம். தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், குனிந்தால் காலுக்குக் கீழே ரோமானியர் காலத்து இடிபாடு. மேலே குழந்தைகள் பகுதியில் பிள்ளைகள் தரையில் புரண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வாரத்தில் புத்தகத்தோடு குழந்தைகளைப் பார்த்தது இங்கேதான்.

சந்தை முதன்முதலில் நடந்த ரே என்ஸோ மாளிகையிலேயே இப்போது ஜானினோ ஸ்தோப்பானி என்ற சிறுவர் புத்தகக் கடை இருக்கிறது. 1983-லிருந்து நடத்துகிறார்கள். உள்ளே போன அக்கா இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. இத்தாலிய மொழி ஒரு எழுத்து தெரியாது, ஆனால் படத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிட்டார். கடைக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே இரண்டு கதையைத் திருத்தினார், ஒன்றை அப்படியே விட்டுவிட்டார்.

இந்தப் போட்டிக்குப் படம் அனுப்புவது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதிவிடுகிறேன். அமெரிக்கப் போட்டிகளைப் போலப் படத்துக்கு இத்தனை டாலர் என்று இங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும், புத்தகம் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெளிவராத படங்களையும் அனுப்பலாம். முன்பெல்லாம் அசலைப் பார்சல் கட்டி இத்தாலிக்கு அனுப்பினார்கள், இப்போது ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினால் முதல் சுற்றுக்குப் போய்விடும். ஐந்து படம், ஒரே பொருள், அதை மட்டும் மறக்க வேண்டாம். என்னிடம் இப்போது எருமை வரிசையில் மூன்று இருக்கிறது. விமானத்தில் நாலாவதற்குக் கோடு போட்டுப் பார்த்தேன். இமை இல்லாமல்.